எழுபத்து நாலாம் நம்பரின் வலக்காது

என் கையில் இன்னும் பிச்சிப்பூ வாசனை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், போகமாட்டேன் என்கிறது. சாலைக் கம்போளத்துப் பூக்கடையில் நானே நின்று, நெருக்கமாகக் கட்டச் சொல்லி, வாழையிலையில் சுற்றி வாங்கி வந்த மாலை. உன் படத்துக்கு. நாளையோடு நீ போய் ஒரு வருஷம். ட்ரெயினிங் ரூமுக்கு உன் பேரை வைக்கிறார்கள். வாசலில் பித்தளைப் பலகை மாட்டியாயிற்று, உள்ளே உன் படத்துக்கு ஆணியும் அடித்தாயிற்று. மாலை போடுகிற பாக்கியம் எனக்கு. ஏனென்றால் நான் உன் உயிர்த்தோழியாம்.

மத்தியானம் எச்.ஆர். மேடம் என் மேசைக்கு வந்து இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, உன்னைப் பற்றி நான் மூன்று நிமிஷம் பேச வேண்டும். இரண்டு, எழுபத்து நாலாம் நம்பர் பையனைப் பற்றிய அந்த அறிக்கையைப் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் பெரிய திரையில் போட வேண்டும். எழுதியவர் பேர் மேலே தெரியும்படி, அப்படியே. சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தால் அமெரிக்காவில் விடிந்துவிடும், வாடிக்கையாளர்களும் வீடியோவில் வருவார்கள். வித்துராவிலிருந்து உங்க அம்மாவும் அண்ணனும் வருவார்கள். எல்லாரும் பார்க்க வேண்டுமாம். நம் கம்பெனி எழுதியதிலேயே பெருமைப்படத்தக்க அறிக்கை அதுதானாம்.

பேச்சை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் நீ தேவதை. இது அந்தப் பேச்சு இல்லை. இதை யாரும் படிக்கப்போவதில்லை, நீ உள்பட. செத்தவளிடம் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் இதில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த அறிக்கையின் தலையில் உன் பேர் இருக்கிறது. உள்ளே இருப்பது என்னுடையது. இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். நாளைக்கு அதை நானே என் கையால் திரையில் போட்டு, கைதட்டவும் வேண்டும்.

முதல் நாளை யோசித்துப் பார்க்கிறேன். கழக்கூட்டத்தில், ஐ.டி. பார்க்கின் நாலாவது மாடியில், இன்டர்வியூவுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான் போனில் என் தங்கையிடம் "ஏட்டி, குடையை எங்கட்டி வச்ச" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ திரும்பிச் சிரித்தாய். தமிழா என்று கேட்டாய். நான் ஆரியசாலை, அப்பாவுக்கு மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம், பூர்வீகம் நாகர்கோவில் பக்கம் என்றேன். நீ பொன்முடி வழியில் எஸ்டேட்டில் பிறந்தவள், ஃபேக்டரி பூட்டிய பிறகு வித்துராவுக்கு இறங்கி வந்த குடும்பம் என்றாய். இரண்டு பேருக்கும் என்ன வேலை என்று தெரியாது. விளையாட்டு சம்பந்தமான டேட்டா வேலை என்று மட்டும் போட்டிருந்தார்கள். நான் கிரிக்கெட் என்று நினைத்தேன். நீ கால்பந்து என்று நினைத்து, உலகக்கோப்பை ஜெயித்த நாடுகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாய்.

கடைசியில் பார்த்தால் அமெரிக்கக்காரனின் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நமக்குக் கொடுத்த வேலை பந்தைத் தொடாத ஆட்களைப் பார்ப்பது. முன்னால் ஐந்து தடியன்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தை எறிகிறவன், குவார்ட்டர்பேக். அவனை அடித்து வீழ்த்த எதிரணி பாய்ந்து வரும். அந்த ஐந்து பேரும் அவர்களைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். லைன்மேன் என்று பேர். கல்லூரியில் விளையாடுகிற லைன்மேன்களை வருஷத்துக்கு ஒருமுறை தொழில்முறை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று அவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பையன்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து நாம் பார்த்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவோம். வாழ்நாளில் அந்தப் பந்தைக் கையில் பிடிக்காத இரண்டு பெண்கள்! என் அப்பா கடைசி வரை நம்பவில்லை. "ஆம்பளைங்க தள்ளுமுள்ளைப் பாக்கதுக்கு சம்பளமா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை பிடிபட ஆறு மாதம் ஆனது. பிடிபட்டது ஆபீசில் இல்லை, எங்கள் கடை வாசலில். ஞாபகம் இருக்கிறதா? ஒரு சனிக்கிழமை அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட வந்திருந்தாய். லாரியிலிருந்து மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே நின்று பார்த்தாய். புதிதாக வந்த சுமட்டுக்காரன் இடுப்பை வளைத்து முதுகால் தூக்கித் தடுமாறினான். பழைய ஆள் முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தாழ்த்தி, காலால் எழுந்தான். "எடீ, இதுதான் அது. இடுப்பு தாழ்ந்தவனை ஒருத்தனாலயும் தள்ள முடியாது, கேட்டியா" என்றாய். அன்று முழுக்க வாசலில் நின்று சுமட்டுக்காரர்களுக்கு மார்க் போட்டோம். அந்த மீசைக்காரச் சேட்டனுக்கு நீ நாலு கொடுத்தாய், நான் மூன்றுதான் கொடுத்தேன், கால் அகலம் போதாது என்று. ஆரியசாலை சுமட்டுக்காரர்களை அமெரிக்க டிராஃப்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தோம். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தேன் உன்னோடு.

அந்த நாட்களில்தான் என் காதைப் பற்றி உன்னிடம் சொன்னேன். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் வலக்காது போனது. வேலைக்குச் சேரும்போது படிவத்தில் அதை எழுதவில்லை. எழுதினால் எடுக்கமாட்டார்கள் என்று அப்பா சொன்னார், நானும் மறைத்தேன். ஆபீசில் உன் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. மீட்டிங்கில் எனக்கு வலக்கோடி நாற்காலியை நீ பிடித்து வைப்பாய். யாராவது வலது பக்கம் வந்து பேசினால், உன் முழங்கை என் விலாவில் லேசாக இடிக்கும், நான் திரும்பிக்கொள்வேன். அப்படி எத்தனை தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று கணக்கே இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

எழுபத்து நாலுக்கு வருகிறேன்.

சின்னக் கல்லூரி, யாரும் கேள்விப்படாத ஊர். பையன் சட்டையில் நம்பர் எழுபத்து நாலு, ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்கிறவன். மலைபோல உடம்பு, நல்ல கை, நல்ல இடுப்பு. ஆனால் கிளம்புவதில் பிந்துகிறான். பந்து அசைகிற அந்த நொடியில் மற்ற நாலு பேரும் எழுந்துவிடுவார்கள், இவன் ஒரு இமைப்பொழுது கழித்து எழுவான். அந்த இமைப்பொழுதில் எதிராளி அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். நம் முறைப்படி ஒரே பையனை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் மார்க்கை ஒருவர் பார்க்கக் கூடாது, கடைசியில்தான் ஒப்பிடலாம். ஒப்பிட்டோம். நீயும் இரண்டு, நானும் இரண்டு. காலில் கனம், தலையில் மந்தம், டிராஃப்டில் எடுக்க லாயக்கில்லை. பைசல்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு அவன் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. சொந்த மைதானத்தில் பிந்துகிற பையன் வெளியூர் மைதானத்தில் பிந்தவில்லை. எல்லாருக்கும் தலைகீழாகத்தானே நடக்கும்? வெளியூரில்தானே தடுமாறுவார்கள்? நமக்கு வருகிற படத்தில் சத்தம் கிடையாது. வெறும் ஊமைப்படம். அதனால் நம் மாடியில் இருந்த முப்பது பேரில் ஒருவரும் சத்தத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. நான் யோசித்தேன். வெளியூரில் எதிரணி ரசிகர்கள் கத்துகிற கத்தலில் கிளம்பச் சொல்கிற குவார்ட்டர்பேக்கின் குரல் யாருக்கும் கேட்காது, ஐந்து பேரும் கண்ணால் பந்தைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். சொந்த ஊரில் மைதானம் அடங்கியிருக்கும், அவன் குரலைக் கேட்டுக் கிளம்புவார்கள். குரலைக் கேட்டுக் கிளம்பும்போது மட்டும் இவன் பிந்துகிறான். இடது ஓரத்தில் நிற்பவனுக்குக் குரல் வருவது வலப்பக்கத்திலிருந்து. முந்தைய வருஷம் அவன் வலது ஓரத்தில் ஆடிய பழைய படங்களைத் தேடி எடுத்தேன். அங்கே குரல் இடப்பக்கத்திலிருந்து வரும். அங்கே ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். பந்து அசைவதற்கு முன்னால் அவன் தலையை ஒரு சிறு திருப்பு திருப்புவான், இடக்காது பின்னால் போகும்படி. அதைப் பார்த்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். அது என் திருப்பு. பஸ்ஸில், கோயிலில், பந்தியில், இருபது வருஷமாக யாருக்கும் தெரியாமல் நான் திருப்புகிற திருப்பு.

கேன்டீனில் உன்னிடம்தான் ஓடி வந்து சொன்னேன். "அவனுக்கு வலக்காது கேக்காதுட்டி. வலது ஓரத்துக்கு மாத்தி நிறுத்தினா அவன் வேற ஆளு" என்றேன். நீ பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். பிறகு, எழுதாதே என்று சொன்னாய். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது என்பது நம் ஆபீசின் முதல் விதி, அதிலும் காது, மூக்கு என்று மருத்துவத்தில் கை வைத்தால் வேலை போய்விடும், அதுவும் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டாய். எனக்கும் பயம் வந்துவிட்டது. நீ என் நல்லதுக்குச் சொல்கிறாய் என்று நம்பினேன். என் இரண்டை இரண்டாகவே விட்டேன்.

பத்து நாள் கழித்து நீ எழுதினாய்.

எனக்குத் தெரியவே தெரியாது. டிராஃப்ட் முடிந்து, நம் வாடிக்கையாளர் அணி அந்தப் பையனை நாலாவது சுற்றில் எடுத்த பிறகு, அவர்களே மாடி முழுக்கக் கேட்கும்படி வீடியோவில் வந்து நன்றி சொன்னபோதுதான் தெரிந்தது. உன் அறிக்கையைப் படித்துவிட்டு அவனைத் தனியாக அழைத்துப் பேசினார்களாம். அவன் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டானாம். அவனும் மறைத்து வைத்திருந்தான், பாவம். வலது ஓரத்தில் நிறுத்திப் பார்த்தார்களாம், கடிகாரம் மாதிரிக் கிளம்பினானாம். எல்லாரும் கைதட்டினார்கள். நீ எழுந்து நின்று தலை குனிந்தாய். நானும் கைதட்டினேன். என் கை தட்டியது எனக்கே ஞாபகம் இருக்கிறது, என்ன அசிங்கம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். உனக்கு எப்படித் தோன்றியது என்று மேனேஜர் கேட்டார். நீ சொன்னாய், என் முன்னால், அத்தனை பேர் முன்னால்: "நம்ம டீமில ஒரு ஆளுக்கு இதே பிராப்ளம் உண்டு. அவளைப் பாத்துப் பாத்து எனக்கு பழக்கம்." என் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாலு பேர் திரும்பி என் வலக்காதைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே எச்.ஆர். கூப்பிட்டது. உங்கள் நன்மைக்கு வேண்டித்தான், வெறும் ஃபார்மாலிட்டி என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். படிவத்தில் மறைத்ததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாடிக்கையாளரோடு பேசுகிற அழைப்புகளிலிருந்து என்னை எடுத்தார்கள். அந்த அழைப்பில் பேசாதவள் டீம் லீடாக முடியாது. அந்த வருஷம் லீட் வேலைக்கு நீயும் நானும்தான் இருந்தோம், நினைவிருக்கிறதா? அடுத்த மாதம் நீ லீட். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. என் கண்டுபிடிப்பை வைத்து ஏறினாய், என் காதை வைத்து என்னை இறக்கினாய். ஒரே கல்லூரிப் பையன், இரண்டு வேலையும் முடிந்தது. உன் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் உன்னை மறித்தேன். ஏன் செய்தாய் என்று கேட்டேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"நீ எழுதியிருந்தா யாரும் நம்பியிருக்கமாட்டாங்க. உன்னோட குறையை அவன் மேல ஏத்திப் பாக்குதேன்னு சொல்லியிருப்பாங்க. இப்ப அந்தப் பையன் நல்லாயிருக்கான் அல்லே? அது போதாதா?"

"அப்போ என் காதை எதுக்குட்டி சொன்ன?"

ஸ்கூட்டரைக் கிளப்பினாய். என் வலப்பக்கமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனாய், எனக்குக் கேட்கவில்லை. தெரிந்தேதான் அந்தப் பக்கம் சொன்னாயோ என்று நாலு நாள் யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திக் கருவ ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷம் உன்னோடு வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நீ தப்புச் செய்வதற்காகக் காத்திருந்தேன். நீ மார்க் போட்ட ஒவ்வொரு பையனையும் என் வேலை முடிந்த பிறகு நான் ஒருமுறை பார்த்தேன். நீ நாலு போட்டவன் எங்கேயாவது சறுக்குவானா, நீ ஒன்று போட்டவன் எங்கேயாவது எழுந்து நிற்பானா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். ஒரு நாள் அதை மேனேஜர் மேசையில் போட்டு, உன் கண்ணாடி அறையை உன் கண் முன்னால் காலி செய்ய வைக்க வேண்டும். அதுதான் என் திட்டம். கேவலமான திட்டம்தான், தெரியும். ஆனால் கஷ்டம் என்ன தெரியுமா? உனக்கு நல்ல கண். தப்பு சிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. அந்த எரிச்சலில் நான்தான் வேலையில் தேறினேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள், பிறகு எலிப்பனி, எலிக்காய்ச்சல் என்றார்கள், மெடிக்கல் காலேஜில் சேர்த்திருக்கிறது என்றார்கள். ஆபீசில் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. நீ பிழைத்து வருவாய் என்று நினைத்தேன். முதலில் நான் போய்ப் பேசினால் அது என் தோல்வி என்று நினைத்தேன். நாலாவது நாள் நீ இல்லை. முப்பத்திரண்டு வயதில் இப்படியா ஏமாற்றுவாய்? எனக்குச் சேர வேண்டிய பதிலைச் சொல்லாமல், நான் திட்ட வேண்டியதைக் கேட்காமல், நைசாக நழுவிவிட்டாய். வித்துராவில் உன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நின்று உன் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் நான் அழுவதாக நினைத்து என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். அழத்தான் செய்தேன். ஆத்திரத்தில் அழுதேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

உன் இடத்துக்கு வேறே ஆள் இல்லை. லைன்மேன்களை உனக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். திடீரென்று என் காது ஒரு பிரச்சினை இல்லை என்று ஆகிவிட்டது. இடக்காதுக்கு மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்கக்காரனோடு பேசுகிறேன், நன்றாகத்தான் பேசுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் பேசியிருப்பேன். பத்து மாதமாக உன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசைப்பட்டது கிடைத்தது, நீ செத்ததால் கிடைத்தது. ருசியே இல்லை.

இத்தனை மாதத்தில் எழுபத்து நாலின் அறிக்கையை மட்டும் நான் திறந்ததே இல்லை. இன்று மத்தியானம், எச்.ஆர். மேடம் போன பிறகு திறந்தேன். படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கேன்டீனில் நான் மூச்சு விடாமல் சொன்னதை வரிசைப்படுத்தி, சொந்த மைதானம், வெளி மைதானம் என்று ஒவ்வொரு ஆட்டமாகப் பிரித்து, ஒரு வார்த்தை மிகாமல். என்னால் அப்படி எழுதியிருக்க முடியாது. இதை இங்கே சொல்வதற்கு எனக்குப் பல் கூசுகிறது.

லீடின் லாகினில் மட்டும் ஒரு வசதி உண்டு. ஒரு அறிக்கையில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் காட்டும். என்ன தோன்றியதோ, அதையும் திறந்தேன். எழுதியவர் பேர் என்ற கட்டத்தில் மாலை நாலு பன்னிரண்டுக்கு இரண்டு பேர் ஏறியிருக்கிறது. முதலில் என் பேர். அடுத்து உன் பேர். நாலு இருபத்து மூன்றுக்கு என் பேர் இறங்கியிருக்கிறது. ஏற்றியதும் இறக்கியதும் உன் லாகின்.

பதினொரு நிமிஷம்.

என்னடி செய்தாய் அந்தப் பதினொரு நிமிஷமும்? சாயா குடிக்கப் போனாயா? என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாயா? நான் அப்போது அங்கேதான் இருந்திருப்பேன், நாலு நாற்காலி தள்ளி. இத்தனை நாளும் நீ யோசிக்காமல் செய்துவிட்டாய் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசையில், அவசரத்தில், கை முந்திவிட்டது என்று. அப்படியானால் என்றைக்காவது மன்னித்திருப்பேனோ என்னவோ. நீ யோசித்திருக்கிறாய். எனக்குச் சேர வேண்டியது என்ன என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்திருக்கிறாய்.

திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே உங்க அம்மா போன் செய்தார். நாளைக்கு மத்தியான பஸ்ஸில் வருவதாகவும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்றும் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "அவ பேரு பெரிய டிவியில வருமாம் அல்லே மோளே? எனக்கு இங்கிலீஷ் ஒண்ணும் அறியாது. அவ பேரு மட்டும் எழுத்துப் பார்த்தா தெரியும். சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து எடுத்துப் பாக்குதேனில்லியா." வரும் அம்மா என்று சொன்னேன். அப்போது அந்தப் பேர் அங்கேதான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு எழுதியவர் பேர் கட்டத்துக்குப் போனேன். லீடுக்கு அந்த அதிகாரம் உண்டு. என் பேரை ஏற்றினேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது, நாலு பன்னிரண்டுக்கு நின்ற மாதிரியே. அப்படியே விட்டிருக்கலாம். நியாயம் என்று பார்த்தால் அதுதான் நியாயம், கண்டுபிடித்தவள் நான், எழுதியவள் நீ. எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. உன் பேரை எடுத்தேன்.

எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். திரையின் மூலையில் கடிகாரம். என் மனசு மாறினால் திருப்பிப் போடலாம் என்று உனக்கு ஒரு அவகாசம் கொடுத்தேன், நீ எனக்குக் கொடுத்த அதே அளவு, ஒரு நிமிஷம் கூடாமல் குறையாமல். உன் முழங்கை என் விலாவில் இடித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே சுமட்டுக்காரனுக்கு நாலு மார்க் போட்டது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வராதது ஞாபகம் வந்தது. உங்க அம்மாவின் குரலும் வந்தது. எல்லாம் வரட்டும் என்று விட்டேன். பதினொரு நிமிஷம் ஆனது.

உன் பேரைத் திருப்பிப் போடவில்லை.

நாளைக்கு உங்க அம்மாவுக்கு முதல் வரிசையில் என் பக்கத்தில்தான் இடம் போட்டிருக்கிறேன். மாலை போட்டுவிட்டு வந்து உட்காருவேன். திரை விரியும். உங்க அம்மா தனக்குத் தெரிந்த அந்த எழுத்துகளைத் தேடுவார், மேலே, கீழே, ஓரத்தில். கொஞ்ச நேரம் தேடிவிட்டு என் பக்கம் திரும்பி, அவ பேரு எங்க மோளே என்று கேட்பார். நீ எனக்குச் சொல்லாமல் போன பதிலை நான் உங்க அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பேரை எடுத்தது நான்தான் என்பதை மட்டும் மறைக்கமாட்டேன்.